நாயைப் பிடிங்க

லுவ்சானும் துல்மாவும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. முன்பு யாரோ கூடாரமடித்துத் தங்கிப் போன வட்டத் தடம் புல்லில் தெரிந்தது. சமதரையாக இருக்கிறதென்று லுவ்சான் அதன்மேலேயே கூடாரத்தை அடித்தான்.

அடுத்தவர் விட்டுப்போன அடுப்பில் தீ மூட்டக்கூடாது என்றாள் துல்மா. ஏழு மாத வயிறு அவளுக்கு.

"மண்ணைத் தோண்டுறதும்தான் ஆகாதும்பாங்க. நீ பெத்துப் போடு, நான் தோண்டிப் போடுறேன்" என்று சிரித்தான்.

ஆறு சாம்பல் நிறத்தில் கிடந்தது. கரை நெடுக, முன்பு தங்கம் தேடியவர்கள் மூடாமல் விட்ட குழிகள். மீனில்லை, பறவையில்லை. லுவ்சான் மணலை அலசிப் பாதரசத்தில் உருட்டுவான். டீ கொதிக்கும் அதே சட்டியில் அதைச் சுட்டுத் தங்கம் பிரிப்பான்.

மூன்றாம் நாள், ஆற்றில் குடித்த அவர்கள் நாய் கால்கள் வெடவெடக்க விழுந்து செத்தது. அதைப் பழைய குழியொன்றில் தள்ளி மூடினார்கள்.

மறுநாள் பகலில் துல்மா தனியாக இருந்தாள்.

"நாயைப் பிடிங்க..."

ஆற்றுப் பக்கமிருந்து குரல். அந்தப் புல்வெளியில் எந்த விருந்தாளியும் அப்படித்தான் தூரத்திலேயே குரல் கொடுப்பான்.

"பிடிச்சிருக்கேன், வாங்க" என்றாள், பழக்கத்தில்.

பிறகுதான் உறைத்தது. பிடிக்க நாய் ஏது?

கதவு திறந்தது. ஆளில்லை.

ஈரச் சேற்றுத் தடங்கள் ஒவ்வொன்றாக அடுப்புவரை வந்து நின்றன. வந்தவருக்கு டீ தராமல் இருக்க அவள் கைக்குத் தெரியவில்லை. ஊற்றி வைத்தாள்.

கிண்ணம் மெல்ல வற்றியது. அடியில் ஒரு வெள்ளித்துளி நடுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்த தடங்கள் இருந்தன. வெளியே போனவை இல்லை.

மாலையில் திரும்பிய லுவ்சான் தடங்களைப் பார்த்தான். உடனே கூடாரத்தைப் பிரித்தான். இரண்டு நாள் பயணத் தூரத்தில், ஆறே இல்லாத மேட்டில், துல்மாவின் அக்காள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறினார்கள். இனி யார் கூப்பிட்டாலும் வாய் திறப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

மறுநாளே அக்காள் புருஷன் குதிரையில் வந்தார்.

"நாயைப் பிடிங்க!"

துல்மா உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள். வயிற்றில் வைத்த கைக்குக் கீழே குட்டிக் கால்கள் வெடவெடத்தன, நாயின் கால்களைப் போலவே.

லுவ்சான் திடுக்கிட்டுத் திரும்பினான்.

அவள் உள்ளங்கைக்கு அடியிலிருந்து, தண்ணீருக்குள் பேசுவதுபோல, பதில் வந்தது.

"பிடிச்சிருக்கேன்... வாங்க."