முந்நூற்றுக்கு அப்பால்

ஓடும் வெளிச்சம் திரும்பி வரத் தாமதித்தது.

ஜன்னலே இல்லாத அந்தச் சினிமா அரங்கின் கூரையோரம் அவன் ஒட்டியிருந்த எல்.இ.டி. பட்டையில் முந்நூறு புள்ளிகள். ஒரு பச்சைப் புள்ளி கடைசிவரை ஓடி உடனே திரும்ப வேண்டும். இதுவோ பட்டையின் முனையைச் செருகியிருந்த, கூரை மூலையின் சதுரத் திறப்புக்குள் நுழைந்து, ஒரு முழு மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்தே வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் அதோடு ஒரு வாடையும் இறங்கியது. நாள்பட்ட ஈரத்துணியும் கெட்டுப்போன பாலும் கலந்து, நாக்கில் வந்து ஒட்டிக்கொள்கிற வாடை.

கூட்டாளியான மைத்துனன் மூக்கைப் பொத்தினான். "அத்தான், எலி செத்திருக்கா, இல்ல ஷூவைக் கழட்டிட்டீங்களா?"

"வாயைக் குறை. பட்டையோட முனைக்கு மூடி போட்டியா?"

"போன வாரமே போடணும்னுதான் நெனச்சேன்..."

"கிழிச்சே. பசையை எடுத்துக்கிட்டு ஏறு. பாத்து. உனக்கு ஒண்ணுன்னா உங்க அக்கா என் தோலை உரிச்சுடுவா."

ஏணியில் ஏறிய கால்கள் திறப்புக்குள் மறைந்தன. கீழே நின்றவன் ஃபோனில், புள்ளிகளை இயக்கும் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தான். புள்ளிகளின் எண்ணிக்கை 340. அளவு மிஞ்சியதென்று கடைசி நாற்பது புள்ளிகளை வெட்டி எறிந்தவன், இங்கே மாற்ற மறந்திருந்தான். ஒவ்வொரு புள்ளியும் வருகிற கட்டளையில் முதல் பங்கைத் தான் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். நாற்பது பேருக்கான பங்கு ஒரு வாரமாக மூடாத முனையில் வழிந்துகொண்டிருந்திருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் கிடைத்ததில் சிரிப்புக்கூட வந்தது.

ஆனால் வாங்க ஆளில்லாத இடத்தில் இருட்டுதானே இருக்க வேண்டும்? திறப்புக்குள் பச்சை நகர்ந்துகொண்டிருந்தது. துளித்துளியாக.

"அத்தான்... நாம வெட்டினது மறுபடி வளந்திருக்கு. கொழகொழன்னு... ஐயோ, சூடா இருக்கு."

ஓங்கரிக்கும் சத்தம். பிறகு சப்புகிற சத்தம்.

"மச்சான்?"

ஏறினான். ஏணிப்படியில் ஏதோ வழிந்திருந்தது. சளி போல. விரல்களுக்கிடையே நூலாக நீண்டது.

தலையை உள்ளே விட்டான்.

மைத்துனன் மல்லாந்து கிடந்தான். பட்டையின் முனையிலிருந்து, சீழ் நிறத்தில், உரித்த முட்டைகளைக் கோத்ததுபோல் நாற்பது கட்டிகள். கடைசிக் கட்டி அவன் வாய்க்குள். பச்சை அங்கே போய்ச் சேரும்போதெல்லாம் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது.

கட்டிகளைப் பிடித்து இழுத்தான். வழுக்கியது. ஃபோனில் 300 என்று போட்டான்.

கட்டிகள் அணைந்தன. நெஞ்சும் நின்றது.

"டேய்! மூச்சு விடுடா!"

கன்னத்தில் அறைந்தான். உதடு நீலமாயிற்று. கட்டைவிரலால் மறுபடி 340. பச்சை வந்தது. நெஞ்சு ஏறியது. கண்கள் மட்டும் திறக்கவில்லை.

இன்னும் ஒன்று கூட்டினான். 341.

மூடிய இமைக்குள் பச்சை பற்றியது. இமை பிசுபிசுத்துப் பிரிந்தது. அந்தக் கண் மெல்ல உருண்டு, அவனைக் கண்டு நின்றது. மைத்துனனின் நகக்கண்ணிலிருந்து மஞ்சள் நூலொன்று கசிந்து, நுனியில் இன்னும் எரியாத ஒரு மணியைச் சுமந்துகொண்டு, ஃபோனைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டை நோக்கி நீண்டது.