இன்னிக்கு ஒரு நாள் மட்டும்

மதிபுரம் மேல்நிலைப் பள்ளியில் காலை ஒன்பது மணிக்கு மாணவிகள் வரிசையாக நின்று காதைச் சாய்த்துக் கொடுப்பார்கள். ஒரு பாடச்சொட்டு விழும். முப்பது நொடியில் முக்கோணவியல் முழுவதும் மூளையில் ஏறிவிடும். காதைத் துடைத்துக்கொண்டு, ஓர் எட்டுக்கு நாலு மீட்டர் தாவி வகுப்புக்குப் போவார்கள். நிலவில் எல்லாரும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

இவ்வளவு சுலபமாகக் கணக்கு ஏறுகிற ஊரில், கணக்கு வாத்தியாருக்கு மட்டும் எப்படி நேரம் போதவில்லை? எஸ்தர் பாக்கியத்துக்கு இது புரியவே இல்லை. அவள் பி.டி. டீச்சர். வாரத்துக்கு மூன்று பீரியட். அன்றும் அவள் விசிலை வாயில் வைப்பதற்குள் கணியன் வாசலில் வந்து நின்றது. கணக்கு நடத்தும் ரோபோ.

"டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க பீரியடைக் குடுங்க. ரிவிஷன் பாக்கி இருக்கு."

"அதான் சொட்டுலயே ஏறிடுச்சே! அப்புறம் என்ன ரிவிஷன்?"

"ஏறுச்சான்னு டெஸ்ட் வைக்கணும்ல, டீச்சர்."

போன வாரமும் இதே 'இன்னிக்கு ஒரு நாள் மட்டும்'தான். மூன்று நாளும்.

எட்டு வாரத்தில் குடியேற்றங்களுக்கு இடையிலான கபடிப் போட்டி. அது புவியெடைக் கூடத்தில் நடக்கும். ராட்டினம்போல் சுழலும் அந்தக் கூடத்துக்குள் போனால் உடம்பு ஆறு மடங்கு கனக்கும், பூமியில் இருப்பது மாதிரி. நிலவில் வளர்ந்த பெண்களுக்கு எகிறத் தெரியும், இறங்கத் தெரியாது. கூடத்தில் காலை விறைப்பாக ஊன்றி, முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் போதும், உள்ளே குறுக்காக ஓடும் தசைநார் அறுந்துவிடும். போன வருடம் இரண்டு பேருக்கு அறுந்தது. இரண்டு பேருக்கும் பதினாறு வயது. இப்போது ஸ்கோர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைத் தடுக்க ஊசியும் வேண்டாம், சொட்டும் வேண்டாம். கூடத்தில் பதினைந்து நிமிடப் பயிற்சி, வாரம் மூன்று நாள். குதித்து, முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்க வேண்டும். ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். ஓடிவந்து சட்டென்று திரும்ப வேண்டும். உடம்புக்குப் பழக ஆறேழு வாரமாகும். அவ்வளவுதான் சங்கதி. அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் எவனும் கொடுக்கமாட்டேன் என்கிறான்.

"மிஸ், இந்த டெர்ம்ல ரெண்டே நாள்தான் குதிச்சிருக்கோம்," என்றாள் கேப்டன் இளவேனி. "என் இடது முட்டி இன்னும் உள்ளதான் போகுது."

எஸ்தர் நேராகத் தலைமையாசிரியர் ஞானதுரையிடம் போய்க் கத்தினாள்.

"இன்ஜினீயருங்க பாத்துட்டாங்கம்மா, கோளாறு ஒண்ணுமில்லையாம்," என்றார் அவர். "பூமியில நூறு வருஷமா பாடம் நடத்துன லட்சம் கணக்கு வாத்தியாருங்களோட பதிவைப் பாத்துத்தான் கணியன் தொழில் கத்துக்கிச்சு. பி.டி. பீரியடை வாங்குறதும் கணக்குப் பாடத்துல ஒரு பகுதின்னு பதிஞ்சிருக்கு."

"அதை மட்டும் அழிங்க சார்."

"அழிச்சா கணக்கும் சேர்ந்து போயிடுமாம். நீங்க தனியா மல்லுக்கட்ட வேண்டாம். உங்களுக்கும் ஒரு ரோபோ கேட்டிருக்கேன். இனிமே பீரியட் அது பொறுப்பு. அதுகிட்ட யாரும் வாலாட்ட முடியாது."

திடலன் வந்துசேர இரண்டு வாரம் ஆனது. லட்சம் பி.டி. வாத்தியார்களின் பதிவைக் குடித்து வளர்ந்த ரோபோ. வந்ததும் இளவேனியைக் குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இடது முழங்கால் எட்டு டிகிரி உள்ளே போகுது. ஆறு வாரத்துல சரிபண்ணிடலாம்," என்றது. எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது.

கதவு திறந்தது. கணியன்.

இப்போது கேள் பார்ப்போம் என்று எஸ்தர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கணியன் வாயே திறக்கவில்லை. அதைக் கண்டதும் திடலன் தானாக எழுந்து, விசிலைப் பையில் போட்டுக்கொண்டது.

"எடுத்துக்குங்க சார்," என்றது பணிவாக. "டெஸ்ட்தானே முக்கியம்."

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. ஆறு வாரமும் அப்படியே உட்கார்ந்திருந்தது. பீரியட் அதன் பொறுப்பு என்பதால் எஸ்தரின் கத்தல் எங்கும் எடுபடவில்லை.

போட்டியில் இளவேனி, காலைப் பிடிக்கக் குனிந்த மூன்று பேரின் தலைக்கு மேல் எகிறினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவள் இறங்கியபோது கேட்ட 'டப்' சத்தம் அந்தக் கைதட்டலில் அமுங்கிப்போனது.

மறுவாரம் ஆஸ்பத்திரியில், "இடது முட்டிதான் மிஸ்," என்றாள் இளவேனி. எஸ்தரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆபரேஷன் முடிந்திருந்தது. இனி ஒன்பது மாதம். தினமும் காலை பத்து மணிக்கு முழங்கால் பயிற்சி, ஒரு நாளும் தவறக் கூடாது என்று டாக்டர் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

மணி பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கணியன் உள்ளே வந்தது. சுவரில் இருந்ததைப் படித்தது.

"டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

எஸ்தர் கட்டிலுக்குக் குறுக்கே பாய்ந்து நின்றாள். இங்கே திடலன் இல்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

அவளுக்குப் பின்னாலிருந்து இளவேனியின் அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"எடுத்துக்குங்க சார். பப்ளிக் எக்ஸாம் வருதுல்ல."