பெட்டி தொடாத தோள்

எட்டு மணிக்குள் முப்பது சட்டை தேய்த்தாக வேண்டும். மாமியாரோ இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு மூத்த மருமகளோடு சண்டைக்கு நின்றாள்.

“தோள் வலிக்கு ஆஸ்பத்திரியா? இந்த வீட்ல யாருக்குத்தான் தோள் வலிக்கல?”

அதில் பொய்யில்லை. சலவைக்கடை வீடு அது. வலித் தைலம் உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே இருக்கும். சுவரில் சாய்ந்திருந்த சின்ன மருமகளுக்கும் அதைத்தான் தடவியிருந்தார்கள். பத்து நாளுக்கு முன் சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்ததிலிருந்து அவள்தான் வீட்டுக்குச் செல்லம்.

மூத்தவள் குனிந்து கேட்டாள். “வயிறு எப்படிடி இருக்கு?”

“இடது பக்கம் மட்டும் குத்துதுக்கா... நேத்துலருந்து லேசா ரத்தம் படுது. எழுந்தா தலை சுத்துது.”

“பத்து நாளா நீ பெட்டியத் தொடவே இல்லையே! அப்புறம் தோள் எதுக்கு வலிக்குது?”

“தனக்கு இல்லாதது அடுத்தவளுக்கு இருந்தா கண்ணு உறுத்தத்தான் செய்யும்!” என்றாள் மாமியார்.

மூத்தவள் தெருமுனையில் நின்ற வண்டியைக் கூட்டிவந்து சின்னவளைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். முனகிக்கொண்டே மாமியாரும் ஏறினாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“கர்ப்பப்பை காலியா இருக்கு. கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடிச்சிருக்கு. உள்ள கசியிற ரத்தம் மேல போய் உறுத்துனா வலி தோள்ல தெரியும். உடனே ஆபரேஷன் பண்ணணும்... நல்லவேளை, கூட்டிட்டு வந்தீங்க.”

மதியம், சின்னவள் உயிர் பிழைத்தாள் என்று செய்தி வந்ததும் மாமியார் மூத்தவளிடம் கேட்டாள்.

“உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?”

“எனக்கும் இப்படித்தான் அத்தை... கொழுந்தனார் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி. கரு போச்சுன்னு தெரிஞ்சா தீட்டுன்னு கல்யாணம் தள்ளிப்போயிடுமேன்னு, நானும் அவரும் குடல்வால் ஆபரேஷன்னு சொல்லிட்டோம்.”

மாமியார் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“ஐயோ... கல்யாணத்துல ஒரு டம்ளர்கூடக் கழுவலன்னு மூணு வருஷமா உன்னச் சொல்லிக் காட்டுனேனேடி!”

அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள். மூத்தவளுக்கும் மூன்று வருஷத்து அழுகை அப்போதுதான் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“உள்ள இருக்கிறவள மட்டும் எதையும் சொல்லிக் காட்டாதீங்க அத்தை... எனக்கு அது போதும்.”