ஒரு முடி கூட இல்லாமல்

பின்கண்ணாடியின் உட்புறத்தில் இருந்த மூக்குத் தடம், மூன்றாவது தடவை துடைத்த பிறகும் ஈரமாகவே இருந்தது.

நாய் ஏறுகிற வண்டியில் மூக்குத் தடம் இல்லாவிட்டால்தான் அதிசயம். வினிகர் கலந்த தண்ணீரைத் தெளித்துப் பழைய செய்தித்தாளால் தேய்த்தால் எப்பேர்ப்பட்ட எச்சிலும் போய்விடும். போகத்தான் செய்தது. ஆனால் அவள் குனிந்து தரைவிரிப்பை உதறிவிட்டு நிமிர்வதற்குள், அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, ஓரங்களில் பொடிப்பொடி நீர்முத்துகளோடு, இப்போதுதான் யாரோ வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை எடுத்துக்கொண்ட மாதிரி மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது.

வண்டியில் நாய் இல்லை. மதியம் அந்த உயரமான வண்டியைக் கொண்டுவந்து விட்டவர் தனியாகத்தான் இறங்கினார். வெளுத்த சட்டை, நகம் ஒட்ட வெட்டிய விரல்கள்.

"நாய் எங்க சார்? வீட்ல விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அது வண்டிய விட்டு எங்கயும் போகாது" என்றார் அவர். "உள்ள நல்லா தேய்ச்சிடும்மா. அழுக்கு இருந்தா அதுக்குப் பிடிக்காது."

காது கேட்காத ஆள் போல என்று நினைத்துக்கொண்டாள்.

வாட்டர் வாஷ் ஷெட்டில் அவளை எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. இங்கே அது கேலிப்பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்று, 'சும்மா ஒரு நம்பிக்கைக்கு' என்று சொல்லி முதலாளி வாங்கி மேசை இழுப்பறையில் பூட்டிய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் ஒன்றரை வருஷமாக அங்கேயே கிடக்கின்றன. நாளைக் காலை வேறொரு ஊரில், ஒரு பரிசோதனைக் கூடத்தில், அவள் படிப்புக்கான வேலை. ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். இன்று மாலை ஆறு மணிக்குப் பேருந்து.

"இந்த ஒரு வண்டிதான்" என்றிருந்தார் முதலாளி. "உள்ள ஒரு முடி கூட இருக்கக்கூடாது. முடிச்சிட்டு சர்டிபிகேட் ஃபைல வாங்கிட்டுக் கிளம்பு. உன்ன யாரு பிடிச்சு வெச்சிருக்கா?"

பிடித்து வைத்திருப்பவனே கேட்கிற கேள்வி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கி வழியாக உள்ளே ஏறினாள்.

பின்னிருக்கைக்குப் பின்னால், நாய் முன்பக்கம் தாவாமலிருக்கக் கம்பித் தடுப்பு ஒன்றை முறுக்கிப் பொருத்தியிருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் முழுக்க நாயின் இடம். ரப்பர் கையுறையை நனைத்து ஒரே திசையில் இழுத்தால் முடி சுருண்டு திரியாகிவிடும். வாக்குவம் எடுக்காததைக்கூட அது எடுக்கும். சாம்பல் நிறத்தில், குட்டையாக, முள் மாதிரி விறைத்த முடி. இழுத்தாள், திரட்டினாள், பையில் போட்டாள். மறுபடி இழுத்தாள். முதலில் இருந்த அளவுக்கே வந்தது. சமையல் சோடாவைத் தூவித் தட்டினாள். ஈரக்கம்பளி நாற்றம் அடங்குவதற்குப் பதில் மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னடி டிகிரி, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா?" வெளிப்பக்கம் கழுவுகிற அக்கா எட்டிப் பார்த்தாள். "நாய் முடிய எடுக்கறதுக்கு எத்தன வருஷம் படிக்கணும்?"

"நீ நுரையடிக்கிற வேலையப் பாருக்கா. பஸ்ஸ விட்டா உன் வீட்லதான் வந்து படுப்பேன்."

"வாடி வா. என் வீட்டுக்காரர் குறட்டைக்கு நீயே ராவோட ராவா ஓடிடுவ."

பக்கத்துத் தடத்தில் காற்று பீச்சும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. திரட்டி வைத்திருந்த முடியெல்லாம் பறந்து மறுபடி விரிப்பில் ஒட்டியது. அவளுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. டிக்கிக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பூட்டு வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகிவிட்டுத்தான் உள்ளே வேலை செய்வார்கள். காற்று நுழைந்ததே அந்த ஸ்பாஞ்சு விட்ட இடைவெளியில்தான். மணி ஐந்தைத் தாண்டியிருக்கும். ஸ்பாஞ்சை உருவினாள். கதவை இழுத்தாள். 'டக்.'

சரி, அக்காதான் வெளியே இருக்கிறாளே.

அடுத்த நிமிஷம் கண்ணாடிகள் மேல் நுரை விழுந்தது. முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், பிறகு பின்பக்கம், தடித் தடியாக, வெள்ளையாக, மெதுவாக வழிந்து எல்லாவற்றையும் மூடியது. உள்ளே பால் மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. இயந்திரத்தின் உறுமல் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது போலிருந்தது. அவள் மூச்சு அவளுக்கே கேட்டது. அது அடங்கிய பிறகும் ஒரு மூச்சு கேட்டது.

"அக்கா" என்றாள். "அக்கா, கதவத் திற."

பம்ப்பின் இரைச்சல்.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. கனமான ஏதோ ஒன்று தாவி ஏறினால் ஸ்பிரிங் அமுங்குமே, அதே அமுக்கம், அதே சின்ன முனகல். அவளுக்கு எதிரே விரிப்பு நான்கு இடங்களில் குழிந்தது. குழிகள் ஒரு சுற்றுச் சுற்றின. இன்னொரு சுற்று. பிறகு விரிப்பு முழுவதும் தட்டையாக அமுங்கியது. படுத்துக்கொண்டது.

கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. காலால் கதவை உதைத்தாள். கைபேசி அலுவலக அலமாரியில். வேலை நேரத்தில் வைத்திருக்கக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணாடியில் தண்ணீர் சடசடவென்று அறைந்து அந்தக் கத்தலைத் தின்றது.

மடியில் பாரம் விழுந்தது. சூடான, எலும்புள்ள பாரம். கால்கள் மரத்தன. தள்ளப் போன கையிலிருந்த உறையை ஏதோ பல்லில் கவ்வி உருவிப் போட்டது.

நாக்கு.

சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரே இழுப்பு. ஒரே திசையில். நகக்கண்ணில் ஒன்றரை வருஷமாகப் போகாத கறுப்பு போயிற்று. அடுத்த இழுப்பில் நகம் போயிற்று.

வலிக்கவில்லை.

அடுத்த இழுப்பில் விரல்கள் இல்லை. ரத்தமும் இல்லை. துடைத்த இடம் மாதிரி சுத்தமாக, பின்னால் இருந்த விரிப்பு தெரிந்தது. அது அவசரப்படவில்லை. முழங்கை. தோள். பாதம். கழுத்தடியில் கொஞ்சம் நின்று, மோந்து பார்த்து, மேலே ஏறியது. வாய். மூக்கு. கடைசியாகக் கண் இமைகளை, ஒன்றன்பின் ஒன்றாக.

நுரை வழிந்து தீர்ந்தது. டிக்கி திறந்தது. சாயங்கால வெயில் முழுசாக உள்ளே விழுந்தது. முதலாளி, அக்கா, வெளுத்த சட்டைக்காரர் மூவரும் நேராக அவளைப் பார்த்தார்கள். எழ முயன்றாள். பாரம் நகரவில்லை. ஏதேதோ சொன்னாள்.

"எங்க அவ?" என்றார் முதலாளி.

"இப்பதான் உள்ள இருந்தா. பஸ்ஸுக்கு ஓடிட்டாளோ என்னமோ" என்றாள் அக்கா.

"ஃபைல வாங்காமயா?"

"வருவாண்ணே. வராம எங்க போவா."

முதலாளி பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உள்ளே கை நீட்டி ஒரு வீசு வீசினார். துணி அவள் நெற்றியில் பட்டது. கன்னத்தில் பட்டது. அதன் இஸ்திரி விறைப்பைக்கூட அவளால் உணர முடிந்தது. அவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பளீரென்று இருந்தது.

"வேலைல மட்டும் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

கதவு மூடியது. சட்டைக்காரர் முன்னால் ஏறி, சாவியைத் திருகி, பின்னால் பார்க்கும் நடுக்கண்ணாடியைக் கம்பித் தடுப்பின் பக்கமாகச் சரிசெய்தார்.

"ரெண்டு பேரும் சரியா உக்காந்தாச்சா?" என்றார் பிரியமாக.

வண்டி சாலையில் இறங்கியது. ஷெட் வாசலில் முதலாளி நின்றிருந்தார். கக்கத்தில் அவளுடைய ஃபைல். அவர் சின்னதாகிக்கொண்டே போனார். மடியிலிருந்த பாரம் இறங்கியதும் அவள் பின்கண்ணாடியில் முகத்தை அழுத்திக் கத்தினாள், மூச்சு முட்டக் கத்தினாள்.

கண்ணாடியில் ஆவி கூடப் படியவில்லை.