நாற்பது நிமிடம்

சமையலறை ஜன்னலைப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தாள் வீப்கே. ஆனாலும் அது மேல்பக்கம் நான்கு விரல் அளவு உள்ளே சாய்ந்திருந்தது. அந்த இடுக்கு வழியே ஈரக் குளிரும் தெருமுனை ரொட்டிக்கடை வாசனையும் வந்துகொண்டிருந்தன.

அந்த வாசனைதான் அவளுக்கு ஆகாது. போன நவம்பரில், கோசு வேகும் ஆவி போகட்டுமென்று, ஜெர்மனியின் பிரேமன் நகரமே செய்வதுபோல இதே ஜன்னலைச் சாய்த்துவிட்டு ரொட்டி வாங்கப் போனாள். கடைவாசலில் ஊர்க்கதை. நாற்பது நிமிடம் கழித்து வந்தால், ஃப்ளோக்க என்ற அவளுடைய வெள்ளைப் பூனை இடுக்கில் கழுத்து மாட்டித் தொங்கிக் கத்திக்கொண்டிருந்தது. அகலத் திறக்கும் பதற்றம் அவளுக்கு. ஆனால் அந்த வகை ஜன்னலில், சாய்ந்ததை முழுக்கச் சாத்தினால்தான் அகலத் திறக்கும் கைப்பிடி திரும்பும்.

சாத்தினாள். பாவி, யோசிக்காமல் சாத்திவிட்டாள். கத்தல் நின்றது.

இப்போது பிப்போ, ஒரு வயதுச் சாம்பல் குட்டி. சூடுகண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்பார்களே, அந்தக் கதைதான் அவளுக்கும். பால்கனிக்கு வலை கட்டினாள், பூனைக்கு விஷமென்று லில்லித் தொட்டியைக் குப்பையில் போட்டாள், ஜன்னலுக்குப் பூட்டு வைத்தாள். இவனையாவது காப்பாற்றியே தீர வேண்டும்.

ஜன்னலைச் சாத்திப் பூட்டினாள். மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். கூடத்தில் பிப்போவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாலை நான்கரை, அதற்குள் இருட்டிவிட்டது. ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்றது. குழாய்தானா?

போன் அடித்தது. கீழ்வீட்டு ஹார்ம்ஸம்மா.

"ஏம்மா வீப்கே, உனக்குக் காது அடைச்சுப்போச்சா? உன் பூனை ஜன்னல்ல தொங்கிக் கத்துது. நாப்பது நிமிஷமா!"

"பிப்போ என் மடியிலதான் இருக்கான், ஹார்ம்ஸம்மா."

"அப்போ அந்த வெள்ளை?"

பிப்போ காதை நிமிர்த்தினான். குதித்தான். ஓடினான்.

"டேய், போகாதடா!"

சமையலறை. கோசு வாசனை. அடுப்பு எரியவேயில்லை.

ஜன்னல் சாய்ந்திருந்தது. வெளியிலிருந்து இரண்டு வெள்ளைக் கால்கள் பிப்போவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இடுக்குக்குள் இழுத்தன. மெதுவாக. ஆசையாக.

பிப்போவைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை.

ஜன்னல் நகர்ந்தது. தானே சாத்திக்கொள்ளப் போகிறது. ஐயோ! சட்டத்தைப் பிடித்து, உடம்பில் உள்ள பலமெல்லாம் திரட்டித் தன் பக்கம் இழுத்தாள்.

இருண்ட கண்ணாடியில் அவள் தெரிந்தாள். அதே முகம், அதே சங்கிலி.

கண்ணாடியில் இருந்தவள் இரண்டு கையாலும் ஜன்னலைச் சாத்தத் தள்ளிக்கொண்டிருந்தாள்.