தகவல்: குடும்பத்தினர்

கீய்ங்ங்... என்று அலறியது ஓவியத்தின் பக்கத்திலிருந்த மணி.

பூரணி கதிரையை விட்டு எழுந்தாள். பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றின் பதினோராம் அறைக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. கறுப்புச் சீருடை, கழுத்தில் பெயரில்லாத ஓர் இலக்க அட்டை, நாள் முழுக்க ஒரே கதிரை. வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், அவளைப் பார்க்கமாட்டார்கள். சில நாட்களில் தானும் சுவரோடு சேர்த்திதானோ என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

ஓவியத்தில் மூக்கு உரசாத குறையாக நின்றான் ஒருவன். மழையில் நனைந்த தலை, கையில் சின்னக் கொப்பி.

"மிசியூ, தள்ளி நில்லுங்கள்" என்றாள் பிரெஞ்சில்.

"ஐயோ அம்மாளாச்சி... நான் தொடேல்லை!"

பதறினால் யாருக்குத்தான் பிரெஞ்சு வரும்? பூரணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"நீங்கள் தொடேல்லை, சரி. உங்கடை மூக்கு தொட்டுடும் போல கிடக்கு. கொஞ்சம் பின்னுக்கு வாங்கோ."

அவன் திரும்பினான். கண்களா அவை... ஒரு வாரம் தூங்காத கண்கள். ஆனால் அவளைக் கண்டதும் அப்படி விரிந்தன!

"நீங்கள் தமிழோ?"

"இல்லை, சீனாக்காரி. இப்பதான் பழகினனான்."

அவனும் சிரித்தான். பிறகு ஓவியத்தைக் காட்டினான். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா. நீண்ட தெரு, ஒரு பெற்றோல் செட், அதன் அருகே சின்னச் சாப்பாட்டுக்கடை. யன்னலோரம் ஒரு பெண் கோப்பையோடு தனியே இருக்கிறாள். பின்னால் கண்ணெட்டும் தூரம் சோளம்.

"ஒரு மாளிகை இல்லை, ராசா ராணி இல்லை. தேத்தண்ணிக் கடையைப் போய்க் கீறியிருக்கிறான். ஆனா பாக்கப் பாக்க நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது."

வழிகாட்டிகள் சொல்வதை மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டுப் பூரணிக்கு எல்லாம் மனப்பாடம். "அந்தக் காலத்து அமெரிக்க ஆக்கள் சிலபேர் இஞ்சை பாரிசுக்கு வந்து கீறப் பழகினவையாம். பிறகு திரும்பிப் போய், தங்கடை சோளக்காட்டையும் சந்தியையும் கீறினவை. எங்கடை இடம் கீறுறதுக்குக் காணாதோ எண்டு ஒரு ரோசம்."

"நானும் கீறுறனான்" என்றான் அவன் கூச்சத்தோடு. "கிழமை நாளிலை ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவுறது. சனிக்கிழமையிலை கலியாண மேடைக்குப் பின்திரை. எல்லாருக்கும் பனை வேணும், கோயில் கோபுரம் வேணும். அதைவிட்டால் ஈபிள் கோபுரம்."

"அப்ப எங்கடை தமிழ்க் கடைத்தெரு, லா சப்பலை ஏன் ஒருத்தரும் கீறேல்லை?"

சும்மாதான் கேட்டாள். அவனோ கொப்பியை மூடிவிட்டு அவளையே பார்த்தான். பார்வை நீண்டது... அவள் பதறிப்போய் அட்டையைச் சரிசெய்தாள்.

"வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?" என்றான் மெல்ல.

எங்கிருந்தோ ரோசம் வந்தது. "அப்பா, அண்ணை, அண்ணி, பிள்ளையள்... ஞாயிறு எண்டால் வீடு நிறைய ஆக்கள்" என்று அடுக்கினாள்.

பொய். ஆர்ஜொந்தெய் புறநகரில் அவளுக்கு ஓர் அறை, ஒரு கட்டில். அப்பா போய் மூன்று வருடம். லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியவளும் அவள்தான். அடியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்று போட்டிருந்தது. அந்தக் குடும்பத்தினர் அவள் ஒருத்திதான்.

ஒரு பாடசாலைக் கூட்டம் இரைந்துகொண்டு உள்ளே வந்தது. அவள் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுத் திரும்பியபோது அவனைக் காணோம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து உதயன் அவளை மறுபடி கண்டான். உதயன் என்பதுதான் அவன் பெயர். அதை அவளிடம் சொல்லக்கூட மறந்துபோன மடையன்!

லா சப்பல் சாப்பாட்டுக்கடை ஒன்றின் கண்ணாடிக்கு வெளியே, குடையில்லாமல் நின்றான். உள்ளே யன்னலோரம் அவள். மேசையில் இரண்டு தேத்தண்ணி. ஒன்று அவள் கையில். மற்றது எதிர்க் கதிரைக்கு முன்னால். யாரோ கை கழுவப் போயிருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்பது போல வாசலை அடிக்கடி பார்த்தாள். ஐந்து நிமிடம்... பத்து... யாரும் வரவில்லை. தேத்தண்ணியில் ஆடை படிந்தது. அவள் எழுந்து அதையும் தானே குடித்துவிட்டுக் கோட்டை மாட்டினாள்.

'போடா உள்ளே' என்றது மனம். கால் அசையவில்லை. கையோ கறைபிடித்த கை, உடுப்போ சமையலறை நெடி. அவள் குடை விரித்து மெத்ரோ ரயில் பாலத்துக்கு அடியில் மறைந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அருங்காட்சியகத்துக்கு ஓடினான். கண்காட்சி முடிந்து சுவர் வெறுமையாக இருந்தது. ஒப்பந்தம் முடிந்த காவலாளிகள் வேறெங்கோ போய்விட்டார்கள் என்றார்கள். பெயர் தெரியாமல் யாரைத்தான் விசாரிப்பது?

வில்லியே லே பெல் புறநகரில் நாலு பேர் படுக்கும் அறை. அங்கே கட்டிலில் பலகையைச் சாய்த்து வைத்து ஒரு மாதம் கீறினான். பனையில்லை, கோபுரமில்லை. லா சப்பல் கடை, மழை, யன்னலோரம் அவள், இரண்டு தேத்தண்ணி. கீறி முடித்து, பலசரக்குக்கடை வாமதேவன் அண்ணையிடம் கொண்டுபோனான்.

"அண்ணை, இதைக் கண்ணாடியிலை வையுங்கோ. இவ எப்பிடியும் ஒருநாள் இந்தத் தெருவாலை வருவா."

"வைக்கலாம் தம்பி. ஆனா இடமெங்கை? ரெண்டு கண்ணீர் அஞ்சலிக்கு நடுவிலைதான் கொஞ்சம் கிடக்கு" என்றார் வாமதேவன்.

வைத்தார். அங்கேதான் வந்தது வினை.

பூரணி முருங்கையிலை வாங்க வந்தாள். கடை வாசலில் இரண்டு பெண்கள் கண்ணாடியைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பாவம், இளம் பிள்ளை. என்ன வருத்தமோ."

"பேரும் போடேல்லை, ஊரும் போடேல்லை. தகவல் எண்டு கீழை குடும்பத்து ஆக்களின்ரை பேர்கூட இல்லை. ஒருத்தரும் இல்லாத பிள்ளை போல."

யாரென்று எட்டிப் பார்த்தாள் பூரணி.

அவளேதான்! இடப்பக்கம் ஒரு முதியவர், வலப்பக்கம் ஒரு முதியவர், நடுவில் அவள். யாரோ ஒரு புண்ணியவதி மல்லிகைச் சரம் வேறு போட்டிருந்தாள். படத்தில் அந்த இரண்டாவது தேத்தண்ணி... உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த அவளது கள்ளம், நடுத்தெருவில்.

அந்தப் பெண்கள் அவளை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். முகத்தைப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை.

"அண்ணை! ஆர் இதை இஞ்சை வைச்சது?"

கல்லாவில் நிமிர்ந்த வாமதேவனுக்கு ஒரு கணம் மூச்சே நின்றது. "பிள்ளை... நீர்... மாலையை நான் போடேல்லை பிள்ளை! நான் சாமான் எடுக்கப் போன நேரம் ஆரோ..."

அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து உதயன் வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான் காத்திருந்தான். அவளைக் கண்டு முகம் மலர்ந்து, மாலையைக் கண்டு வெளிறியது.

"நீங்களோ! உயிரோடை என்னைச் சாகடிச்சுப்போட்டியள்."

"இல்லை... நான் உங்களைத் தேடி..."

"நான் தனிய எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? வீடு நிறைய ஆக்கள் எனக்கு!"

சொன்ன வேகத்தில் வெளியே பாய்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. மெத்ரோ பாலத்தின் கீழ் வரைதான் கால் போனது. பிறகு நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது? யாரிடம் சொல்லி அழுவது? இன்றைக்கு நான் செத்திருந்தால் இந்தத் தெரு ஒரு தரம் உச்சுக்கொட்டியிருக்கும்... அவ்வளவுதானே. அதை நினைக்க நினைக்க அழுகை பொங்கியது.

பின்னால் சளக் சளக்கென்று ஓட்டம். தன் ஜக்கெற்றைக் கழற்றி ஓவியத்துக்குப் போர்த்தி, தான் தொப்பலாக நனைந்து வந்து நின்றான் உதயன்.

"இந்தாங்கோ. இது உங்கடை. கிழிக்கிறதெண்டாலும் கிழியுங்கோ. கேக்காமல் கீறினது பிழை."

அவள் வாங்கவில்லை. "அந்த ரெண்டாவது தேத்தண்ணி... எப்ப பாத்தனீங்கள்?"

"அண்டைக்கு வெளியிலை நிண்டனான். அதைக் குடிக்க நான் உள்ளை வந்திருக்கலாம். துணிவு வரேல்லை. என்ரை அறையிலை நாலு பேர் இருக்கிறம். ஆனா வேலையாலை வந்தால், சாப்பிட்டியோ எண்டு கேக்க ஒருத்தனும் முழிச்சிருக்கமாட்டான். அதுதான்... உங்களைக் கண்டவுடனை எனக்கு விளங்கிட்டுது."

மழை இரைந்தது. பூரணியின் ரோசம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்பா செத்து மூண்டு வருசம். அண்ணையும் இல்லை, அண்ணியும் இல்லை. நான் சொன்னதெல்லாம் பொய்" என்றாள். "அந்தப் பொம்பிளையள் சொன்னது சரிதான். நான் செத்தால் தகவல் எண்டு கீழை போட எனக்கு ஒரு பேர் இல்லை."

உதயன் அவளைப் பார்த்தான். தலையிலிருந்து நீர் வழிந்து கண்ணுக்குள் போயும் இமைக்கவில்லை.

"என்ரை பேரைப் போடுங்கோ."

"என்ன...?"

"தகவல், உதயன் எண்டு போடுங்கோ. ஆனா இப்ப அவசரமில்லை. ஒரு அறுபது வருசம் கழிச்சுப் போட்டால் காணும். அதுவரைக்கும் அந்த மற்றத் தேத்தண்ணியை நான் குடிக்கிறன்."

பூரணி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். இப்படியொரு காதலை எந்தப் பெண்ணுக்கும் எவனும் சொல்லியிருக்கமாட்டான்!

மரக்கறி வண்டியை இழுத்துவந்த ஓர் அம்மா அவர்கள் அருகே நின்றாள். ஜக்கெற் விலகித் தெரிந்த படத்தையும் சரத்தையும் பார்த்தாள்.

"ஐயோ, எப்ப பிள்ளை நடந்தது? உம்மடை அக்காவோ?"

"இல்லை அன்ரி. நான்தான் இது" என்றாள் பூரணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இருக்கிறன்."

அம்மா வண்டியை விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள். உதயன் படத்திலிருந்து சரத்தைக் கழற்றினான். கழற்றியதை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையைப் பார்த்தான்.

"அதை என்ரை தலையிலை வைச்சீங்களோ, தெரியும்!"

"இல்லை இல்லை..." அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"அறுபது வருசம் கழிச்சுத் தகவல் சொல்லப்போற ஆள், இன்னும் என்ரை பேரைக் கேக்கேல்லை."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "உங்கடை பேர்...?"

"பூரணி."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே மெத்ரோ தடதடத்துப் போனது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் குதிகாலை உயர்த்தி, அவன் காதருகே இன்னொரு முறை சொன்னாள்.