குறுக்கே நின்றவர்

மழைக்கு முந்தைய மதியம். வானம் தாழ்ந்து வந்து கூரைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சந்தின் கடைசி வீட்டு கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தினேன். அழைப்புமணியை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு, கதவைத் திறப்பவர் திடுக்கிடாதபடி சற்றுப் பின்னால் வந்து நின்றுகொண்டேன்.

நான் வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறவன். வீடு வாங்குகிறவருக்கு வங்கி கடன் கொடுக்கும் முன்பு, அந்த வீட்டை நேரில் பார்த்து, அளந்து, படம் எடுத்து அறிக்கை தருவது என் வேலை. அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து நடமாடும் வேலை என்பதால் நாக்கைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வீடு அழகாக இருக்கிறது என்று புகழக் கூடாது. சுவரில் ஓதம் ஏறியிருந்தால் முகம் சுளிக்கவும் கூடாது. எவ்வளவு தேறும் என்று கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டும். அளக்கும்போது யாரும் குறுக்கே நிற்கக் கூடாது, ஆனால் நிற்கிறவர் வீட்டுக்காரர் ஆயிற்றே, அதட்ட முடியுமா? "கொஞ்சம் தள்ளி நின்னுக்கிறீங்களா" என்று தணிந்த குரலில் கேட்டு, தள்ளி நின்றதும் நன்றி சொல்ல வேண்டும். தூக்கத்தில்கூட நான் அப்படித்தான் உளறுகிறேன் என்பாள் என் மனைவி. "தள்ளிப் படுன்னு சொல்லிட்டு நன்றிம்மான்னு வேற சொல்றீங்க. என்ன ஜென்மமோ" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

கதவு திறந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். தலையை ஒழுங்காக வாரி, நல்ல உடை உடுத்தியிருந்தாள். கண்கள் மட்டும் பல நாள் தூங்காத கண்கள்.

"பேங்க்ல இருந்து வர்ற வேல்யூவர் சாரா?"

"ஆமாம்மா. உள்ளே வரலாமா?"

"வாங்க சார்." வழிவிட்டவள் என் பின்னாலேயே வந்தாள். "இன்னைக்கு முழுசா முடிச்சிட்டுத்தானே போவீங்க?"

"முடிச்சிடலாம்மா."

"முன்னாடி வந்த ரெண்டு பேரும் பாதியிலேயே போயிட்டாங்க. வாங்குறவர் இந்த வாரம்தான் பார்ப்பாராம். அப்புறம் வேற வீடு பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டார். வேற யாரும் இந்த வீட்டைக் கேட்டு வர மாட்டாங்க சார்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். இது மாதிரி நேரத்தில் ஆறுதல் சொல்லப் போனால் வாக்குக் கொடுத்தது போலாகிவிடும்.

கூடத்தில் சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஒரு சிறுமி கழுத்து வரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் இரண்டு கம்பளிகள். உதடு வெளுத்திருந்தது.

"என் பொண்ணு. சிட்டுன்னு கூப்பிடுவோம்." குரலைத் தணித்துக்கொண்டாள். "பந்து எடுக்கிறேன்னு அந்தக் கடைசி ரூமுக்குள்ள ஓடினா. அன்னைக்குப் பிடிச்ச குளிர். டாக்டருங்க எல்லா டெஸ்டும் எடுத்துட்டாங்க. ஒன்னும் இல்லையாம். இவளைத் தூக்கிட்டு நான் இங்கிருந்து போகணும் சார். போறதுக்கு எனக்குன்னு இருக்கிறது இந்த வீடு ஒன்னுதான். இதை வித்தாத்தான் எங்கேயும் போக முடியும்."

சமையலறை, படுக்கையறை, பின்கட்டு என்று வரிசையாக அளந்தேன். என்னிடம் இருப்பது லேசர் கருவி. முதுகு ஒரு சுவரில் படும்படி நின்று எதிர்ச்சுவரைப் பார்த்து அழுத்தினால், அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். தூரம் திரையில் தெரியும். வெளியே நாடா பிடித்து எடுத்த அளவோடு எல்லாம் ஒத்துப்போயிற்று. பாக்கி இருந்தது நடையின் கடைசியில் பூட்டிக் கிடந்த அறை.

"அது சும்மா சாமான் ரூம் சார். அளவு நானே சொல்லட்டுமா?"

"எல்லா அறையும் நான் கண்ணால பார்த்தாகணும்மா. ஒன்னு விட்டாலும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

சாவி அவள் கையிலேயே இருந்திருக்கிறது. விரல்களை விரித்தபோது உள்ளங்கையில் சாவியின் அச்சு பதிந்திருந்தது.

"போனதும் வந்துடுங்க. உள்ளே ஒன்னும் பேசாதீங்க."

குழந்தை எழுந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

உள்ளே ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. விளக்குச் சுவிட்சு வேலை செய்யவில்லை. நாள்பட்ட பூட்டறைக்கு ஒரு வீச்சம் இருக்கும். தூசியும் எலியும் கலந்தது. இங்கே அது இல்லை. ஈரமான சோப்பு வாசனை இருந்தது. ஒருவர் இப்போதுதான் முகம் மழித்துத் துடைத்துக்கொண்ட மாதிரி. ஒரு சாய்வு நாற்காலி, அவ்வளவுதான் சாமான்.

சுவரில் முதுகை வைத்து, திரையைப் பார்த்தபடி அழுத்தினேன்.

பன்னிரண்டு அடி வர வேண்டும். ஏழு காட்டியது.

வீட்டுக்கார அம்மாள் பின்னோடு வந்து குறுக்கே நின்றுவிட்டாள் போலிருக்கிறது. இது தினமும் நடப்பதுதான். தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளி நின்னுக்கிறீங்களா."

மறுபடி அழுத்தினேன். பன்னிரண்டு.

"நன்றிம்மா."

குறித்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரே யாரும் இல்லை.

அவள் என் வலப்பக்கம், வாசற்படிக்கு அந்தப் புறம் நின்றிருந்தாள். அறைக்குள் கால் வைக்கவே இல்லை. கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"யாரைச் சார் தள்ளி நிக்கச் சொன்னீங்க?"

சோப்பு வாசனை என் முகத்தருகே வந்தது. என்னைக் கடந்தது. வாசலை நோக்கிப் போயிற்று. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அவள் முன்தலை முடி, காற்றே இல்லாத அந்த நடையில், லேசாக அசைந்தது.

கூடத்தில் குழந்தையின் பற்கள் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் ஓடினாள். நானும் ஓடினேன். சிட்டு கண்ணை மூடியபடியே வெடவெடத்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது.

"என் மாமனார் சார்." அவள் குழந்தையின் கால்மாட்டில் மண்டியிட்டுக் கிசுகிசுத்தாள். "இந்த வீட்டைக் கட்டினவர். விக்கலாம்னு பேச்சு வந்தப்ப, அந்த ரூமை விட்டு நகர மாட்டேன்னு உட்கார்ந்தவர்தான். அங்கேயே போயிட்டார். அப்புறம் இவ அப்பா, என்ன பெரிய இதுன்னு அந்த ரூம்ல போய்ப் படுத்தார். காலையில எழுந்திரிக்கல. இவளுக்கும் குளிர் பிடிச்சப்புறம்தான் பூட்டி வெச்சேன். அங்கேயே கிடந்தார். இப்ப நீங்க..."

"நீங்க கேட்டுப் பார்க்கலையாம்மா?" என்றேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

"கதவுல தலையை முட்டிக் கேட்டேன் சார். வீட்டு ஆளுங்க சொல்லி என்னைக்கு அவர் கேட்டிருக்கார்? நாங்க சாப்பிடச் சொன்னா பசிக்கலைன்னுவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா தட்டுல ஒரு பருக்கை மிஞ்சாது. வெளியாள் வந்து மரியாதையா சொன்னாப் போதும், அப்படியே இறங்கி வந்துடுவார்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னதும் தள்ளி நின்னார் இல்ல? இன்னொரு தடவை சொல்லுங்க சார். வெளியே போகச் சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும் நான் கதவைத் தாண்டி ஓட நினைத்ததில்லை. அன்று நினைத்தேன். குழந்தையின் விரல்நகங்கள் நீலம் பூத்துக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் நின்றேன்.

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் முதுகை வைத்தேன். கருவியைக் கட்டிலுக்கு மேலே சுவரை நோக்கிப் பிடித்தேன்.

சிவப்புப் புள்ளி சுவரில் விழவில்லை.

கட்டிலுக்கு இந்தப் பக்கம், ஓர் ஆளின் மார்பு உயரத்தில், வெறும் காற்றில் நின்றது.

கருவியைக் கொஞ்சம் தாழ்த்தினேன். புள்ளியும் தாழ்ந்தது. தலையணைக்கு ஒரு சாண் மேலே வந்தும் சுவரைத் தொடவில்லை.

அவர் குனிந்திருந்தார்.

வேலைக் குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. ஆயிரம் வீடுகளில் பழகிய குரல் அல்லவா.

"ஐயா. தொந்தரவுக்கு மன்னிக்கணும். குழந்தைக்கு முடியல. நீங்க கொஞ்சம் வாசல் பக்கம் போனீங்கன்னா நல்லா இருக்கும்."

புள்ளி அப்படியே நின்றது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பெரியவர் மனசு வெச்சா ஆகும். வெளியே போனீங்கன்னா என் வேலையும் முடியும். தயவு பண்ணுங்க ஐயா."

புள்ளி சுவரில் போய் விழுந்தது.

சாத்தியிருந்த வாசற்கதவு தன்பாட்டில், அவசரமே இல்லாமல், முழுதாகத் திறந்தது. மண் வாசனை உள்ளே வந்தது. வெளியே மழை தொடங்கியிருந்தது.

வீடு முழுவதையும் நான் மறுபடி அளந்தேன். கடைசி அறையையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு சுவரிலும் புள்ளி ஒழுங்காக விழுந்தது. திரும்பி வந்தபோது குழந்தை எழுந்து உட்கார்ந்து, கம்பளியை உதறிவிட்டு, "அம்மா, வேர்க்குது" என்று சிணுங்கினாள். அந்தத் தாய் அவள் கழுத்து வியர்வையைக் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து அழுதாள்.

"அறிக்கை இன்னைக்கே போயிடும்மா. ஒரு குறையும் வராது," என்றேன். வீட்டுக்காரர் யாருக்கும் நான் அப்படி உறுதி சொன்னதில்லை.

"இனி ஒரு நிமிஷம்கூட இங்க இருக்க மாட்டேன் சார். அக்கா வீட்டுக்குப் போயிடுறேன். மெயின் ரோடு வரைக்கும் விட்டுடுங்க, அங்க இருந்து பஸ் பிடிச்சுக்கிறேன்."

வீட்டுக்காரரை நம் வண்டியில் ஏற்றக் கூடாது என்பதும் எங்கள் ஒழுங்குதான். அதைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. கையில் கிடைத்த துணிகளை ஒரு பைக்குள் திணித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நனைந்தபடி ஓடி வந்து பின்சீட்டில் ஏறினாள். வீட்டைப் பூட்டியது நான். திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினேன்.

"அம்மா, பெரியம்மா வீட்ல நாய்க்குட்டி இன்னும் இருக்குமா?"

"இருக்கும்டி செல்லம். இப்ப பெருசாகியிருக்கும். உன்னை மாதிரியே சாப்பிடாம அடம்பிடிக்கும்."

குழந்தை சிரித்தது. அவளும் சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தேன், பத்து வயது குறைந்த முகம்.

சந்து முனையில் திரும்பும்போது மணி அடிக்கத் தொடங்கியது.

எங்கள் காரில், முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி அது.

டிங். டிங். டிங்.

என் பக்கத்துச் சீட்டில் எதுவும் இல்லை. கருவிப் பை பின்னால் டிக்கியில் இருந்தது.

பின்சீட்டில் சிரிப்பு நின்றது.

"சார்," என்றாள். குரல் வெளியே வரவே இல்லை, காற்று மட்டும் வந்தது. "இறங்கச் சொல்லுங்க."

ஓரமாக நிறுத்தினேன். குனிந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். சாரல் உள்ளே அடித்துச் சீட்டை நனைத்தது. நடுவில் மட்டும் நனையவில்லை.

"ஐயா," என்றேன். என் வாழ்நாளில் யாருக்கும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. "நீங்க இங்கேயே இறங்கிக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும். பெரியவர் மனசு வைக்கணும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஐயா, தயவு பண்ணுங்க."

திறந்திருந்த கதவு மெல்ல வந்து தானாகச் சாத்திக்கொண்டது.

"மாமா," என்று பின்னாலிருந்து அவள் கெஞ்சினாள். "மாமா, புள்ளையை விட்டுடுங்க மாமா."

மணி நின்றது.

பெல்ட் இழுபட்டு, சீட்டின் குறுக்கே விறைப்பாக நின்று, பூட்டிக்கொண்டது.

பின்சீட்டில் குழந்தை, "குளிருதும்மா" என்றது.